பழைய ராணுவ ஜீப் உதிரிகளில் உள்ள எழுத்தையும் எண்ணையும் படிப்பது எப்படி

கோத்தகிரி, கூடலூர் பக்கம் பழைய எஸ்டேட் ஷெட்டைத் திறந்தாலும் சரி, கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூரில் பூண்டு மூட்டை சுமந்த ஜீப் நின்ற கொட்டகையைக் கிளறினாலும் சரி, ஒரு ஹவுசிங், ஒரு பிரேக் டிரம், மூடி கழன்ற ஒரு ஸ்டார்ட்டர் என்று ஏதாவது அகப்படும். ராணுவத்தில் கழித்து ஏலத்தில் போன வண்டிகள்தான் மலைக்கு ஜீப்பாக வந்தன. ஆகவே அந்த உதிரிகளில் அம்புக்குறி, எஃப் எழுத்து, பதிமூன்று இலக்க எண் என்று பலதும் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் எந்த வண்டியின் சாமான், எந்தக் காலத்தது, உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பது காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

என்ன எழுதியிருக்கிறது என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். அந்த எழுத்து எப்படி விழுந்தது என்பதை முதலில் பாருங்கள். வார்ப்பில் புடைத்து வந்ததா, பஞ்ச் வைத்து அடித்ததா, தகட்டில் ரிவெட் போட்டதா, பெயின்டில் எழுதியதா? ஒவ்வொன்றும் வேறு கை, வேறு காலம். இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதித் தவறு வருகிறது.

கிரைண்டரைத் தொடாதீர்கள்

துரு பிடித்த சாமான் கைக்கு வந்ததும் கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்ப்பதுதான் பட்டறை வழக்கம். பஞ்ச் எண் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. கூடலூர் தென்மேற்குப் பருவத்திலும் குன்னூர் வடகிழக்குப் பருவத்திலும் நனைந்து நனைந்து மேல்தோல் ஏற்கெனவே உதிர்ந்திருக்கும். ஒரு நிமிடம் சக்கரம் ஓடினால் எண் போய்விடும், திரும்ப வராது. மணல் பீய்ச்சுவதும் அப்படியே.

மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் கையாலேயே தேயுங்கள். மண்ணும் கிரீஸும் கட்டியாக இருந்தால் மூங்கில் சிம்பைச் சீவிக் கிளறலாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அதற்கும் அசையாத துருவுக்கு, இரும்பு, உருக்கு வார்ப்பில் மட்டும், லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து ஊறவைத்து மணிக்கொரு தரம் எடுத்துப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் எழுத்து தெரியும். பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் கழுவி, அடுப்பங்கரைச் சூட்டில் உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுங்கள். மலை ஈரத்தில் அரை நாள் விட்டால் புதுத் துரு படர்ந்துவிடும். அலுமினியம், கார்புரேட்டர் உடல், துத்தநாக முலாம் போட்ட சாமான், பேரிங், கியர் பல் எதையும் இந்த நீரில் போடாதீர்கள்.

வெளிச்சம் முக்கியம். நேர் வெயிலில் எழுத்து தெரியாது. நிழலுக்குள் கொண்டுபோய், டார்ச்சைப் பரப்புக்குக் கிட்டத்தட்ட படுக்கையாகச் சாய்த்துப் பிடித்து, நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு பக்க ஒளியில் 3 ஆகத் தெரிவது மறுபக்க ஒளியில் 8 என்று தெளியும். புடைத்த எழுத்தின் மேல் சாக்பீஸைப் படுக்கவைத்து உரசுங்கள். குழி எழுத்தில் சாக்பீஸ் பொடியை நிரப்பி மேலே துடையுங்கள். மெல்லிய வெண்ணெய்த்தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் கைக்கு ஒரு பிரதி கிடைக்கும். அந்தத் தாளில் எங்கே எடுத்தது, எந்தப் பக்கம் மேல் என்று குறிக்க மறக்காதீர்கள். 6-உம் 9-உம் தலைகீழானால் வேறு சாமானாகிவிடும்.

நான்கு கைகள்

புடைத்து நிற்பது வார்ப்பு எண். அச்சுக்குச் சொந்தமானது. ஒரே வார்ப்பைக் கடைந்து இரண்டு மூன்று வேறு சாமானாக ஆக்குவார்கள், ஆகவே வார்ப்பு எண்ணும் உதிரி எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. பட்டியலில் வார்ப்பு எண்ணைத் தேடிக் கிடைக்கவில்லை என்று சாமானைத் தூக்கி எறியக் கூடாது.

குழியாக விழுந்தது பஞ்ச். கடைசல் முடிந்தபின் அடித்தது. இஞ்சின் எண், பரிசோதகர் முத்திரை, அளவுக் குறி எல்லாம் இதில் வரும். எழுத்து ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் இருந்தால் தொழிற்சாலை ஜிக்கில் அடித்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஏறி இறங்கி, ஒன்று சாய்ந்து கிடந்தால் பட்டறையில் சுத்தியலால் அடித்தது. கிராங்க் ஷாஃப்டிலும் பேரிங் ஷெல்லிலும் 010, 020, 030 என்று இருந்தால் அது உதிரி எண் அல்ல. ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது அங்குலம் குறைத்துக் கடைந்த கணக்கு. கிராங்க்கில் 020 இருக்கும்போது எஸ்டிடி (கடையாத மூல அளவு) என்று அடித்த ஷெல்லைப் போட்டால் முதல் ஏற்றத்திலேயே ஆயில் பிரஷர் விழும்.

தகடு கழன்று மாறக்கூடியது. ரிவெட் தலை பழையதா, பாப் ரிவெட்டா என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால வண்டியில் பாப் ரிவெட்டில் நிற்கும் தகடு பிறகு மாட்டியது.

பெயின்ட் எழுத்து கிடங்கும் ரிப்பேர் பட்டறையும் போட்டது. பி.இ.ஆர். என்று பெயின்டில் கண்டால், ரிப்பேர் செய்வது கட்டுப்படியாகாது என்று ராணுவப் பட்டறை கழித்த சாமான். பி.எல்.ஆர். என்றால் அந்த இடத்துப் பட்டறையில் முடியாது என்று மேல் பட்டறைக்கு அனுப்பியது. பி.இ.ஆர். போட்ட ஸ்டியரிங் ஆர்ம், நக்கிள், பிரேக் டிரம் எதையும் ஏன் கழித்தார்கள் என்று தெரியாமல் மலையில் ஓடும் வண்டிக்கு மாட்டாதீர்கள். மயிரிழை விரிசல் மேலே தெரியாது. அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

வில்லிஸா, ஃபோர்டா

1941 முதல் 1945 வரை ஒரே ஜீப்பை இரண்டு கம்பெனிகள் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி., ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. ஜி அரசு ஒப்பந்தம், பி எண்பது அங்குல வீல்பேஸ், டபிள்யூ வில்லிஸின் வடிவம். சாமான்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும் என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர். அதனால்தான் இன்று ஒரு வண்டியில் இரண்டும் கலந்து கிடக்கிறது.

ஃபோர்டு தன் சாமான் ஒவ்வொன்றிலும், போல்ட் தலையில்கூட, சாய்ந்த கையெழுத்து எஃப் ஒன்றைப் போட்டது. உதிரி எண் ஜி.பி.டபிள்யூ. என்று தொடங்கி ஓர் எண்ணும் சிலவேளை கடைசியில் ஓர் எழுத்தும் வரும். நடுவில் உள்ள எண்ணே சாமான் எது என்று சொல்லிவிடும்: 1000 வரிசை சக்கரம், ஹப். 2000 பிரேக். 3000 முன் ஆக்ஸிலும் ஸ்டியரிங்கும். 4000 பின் ஆக்ஸில். 6000 இஞ்சின். 7000 கிளட்ச், கியர்பாக்ஸ். 8000 ரேடியேட்டர் வகை. 9000 பெட்ரோல் பாதை. 10000 டைனமோ, 11000 ஸ்டார்ட்டர், 12000 இக்னிஷன், 13000 விளக்கு. ஜி.பி.டபிள்யூ. 6015 என்று பிளாக்கில் புடைத்திருந்தால் அது ஃபோர்டு சிலிண்டர் பிளாக். கடைசி எழுத்து வடிவம் மாறியதைக் குறிப்பது, அதை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். வில்லிஸ் எண்ணில் இந்த ஒழுங்கு இல்லை. ஏ என்ற எழுத்தும் நான்கைந்து இலக்கமும், அல்லது 63, 64 என்று தொடங்கும் ஆறு இலக்கம். போர்க்கால வில்லிஸ் பிளாக்கில் 638632 புடைத்திருக்கும்.

இஞ்சின் எண்ணைப் பார்க்க, ஓட்டுநர்போல் முன்னோக்கி நின்றால் வலப்புறம், ஆயில் ஃபில்டருக்குக் கீழே பிளாக்கில் கடைந்த சிறு திட்டு இருக்கும். எம்.பி. அல்லது ஜி.பி.டபிள்யூ. என்ற எழுத்தோடு எண் அங்கேதான். ஃபோர்டில் சேஸ் எண் இடது நீளச்சட்டத்தின் மேல்முகத்தில், முன் ஷாக் அப்சார்பர் தாங்கிக்குப் பக்கத்தில் பஞ்ச் அடித்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது அதுவும் இஞ்சின் எண்ணும் ஒன்று. வில்லிஸில் சேஸ் எண் தகட்டில், இஞ்சின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. ஒத்துப்போகவில்லை என்று எம்.பி.யைப் போலி என்பவரை நம்பாதீர்கள்.

எழுத்து முழுக்க அழிந்திருந்தால் சேஸின் முன் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். பெட்டிபோல் மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. பாடியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1944 முதல் ஒரே கூட்டு வடிவ பாடி இரண்டு கம்பெனி வண்டிக்கும் போனது.

எஃப் எழுத்து போட்ட புதுச் சாமான் இப்போதும் செய்து விற்கிறார்கள். அதில் குற்றமில்லை, ஓடுவதற்கு நல்லதுதான். பழையது என்று சொல்லி விலை கேட்டால் மட்டும் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். பழைய எழுத்தின் ஓரம் மழுங்கி, துரு எழுத்துக்குள்ளும் வெளியிலும் ஒரே நிறமாக இருக்கும். புதிதில் ஓரம் கூர்மையாக, குழிக்குள் மட்டும் கறுப்பு தேங்கியிருக்கும்.

அம்புக்குறி யாருடையது

கோழிக்கால் மாதிரி மூன்று கோடு ஒரு முனையில் சேர்வது பிரிட்டிஷ் அரசின் உடைமைக் குறி. தனியாக இருந்தால், அல்லது டபிள்யூ, டி இரண்டுக்கும் நடுவே இருந்தால் பிரிட்டன். ஆங்கில சி எழுத்துக்குள் அம்பு நின்றால் கனடா. இரண்டு டி-க்கு நடுவே என்றால் ஆஸ்திரேலியா. யூ-வுக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா. ஐ எழுத்தோடு சேர்ந்த அம்பு சுதந்திரத்துக்கு முந்தைய இந்தியா. மேல்மட்டத் துருவில் சி எழுத்தின் பாதி அழிந்தால் பிரிட்டன் என்று தவறாகப் படிப்பது சகஜம். அம்பைச் சுற்றி ஒரு வளைவு மிச்சமிருக்கிறதா என்று சாய்ந்த ஒளியில் தேடிவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இரண்டு அம்பு முனையோடு முனை முட்டி நட்சத்திரம் மாதிரி இருந்தால் அரசுச் சேவையிலிருந்து விற்றது என்று பொருள். வாங்குகிறவருக்கு நிம்மதி தரும் குறி அது. அம்பு யார் செய்தார்கள் என்று சொல்லாது, யாருடைய உடைமை என்றுதான் சொல்லும். அமெரிக்காவில் செய்த ஜீப் சாமானிலும் பிரிட்டிஷ் அம்பு இருக்கலாம்.

நீள எண்கள்

நான்கு, இரண்டு, மூன்று, நான்கு என்று பிரித்த பதிமூன்று இலக்கம் நேட்டோ கிடங்கு எண். முதல் நான்கு சாமானின் வகை. 2510 பாடி, சேஸ் சட்டம். 2520 கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வகை. 2530 பிரேக், ஸ்டியரிங், ஆக்ஸில், சக்கரம். 2805 பெட்ரோல் இஞ்சின், 2815 டீசல். 2910 எரிபொருள், 2920 இஞ்சின் மின்சாமான், 2930 கூலிங், 2940 ஃபில்டர். 3110 பேரிங். 5306 போல்ட், 5310 நட்டும் வாஷரும், 5330 கேஸ்கெட். 6220 வண்டி விளக்கு. இவ்வளவை மட்டும் மனப்பாடம் செய்தால், எண்ணெய்த்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பிரிக்காமலேயே உள்ளே எது என்று சொல்லிவிடலாம்.

அடுத்த இரண்டு இலக்கம் நாடு: 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 21 கனடா, 12 ஜெர்மனி, 66 ஆஸ்திரேலியா, 72 இந்தியா. இது செய்த நாடு அல்ல, பட்டியலில் எண் கொடுத்த நாடு. 2530-72 என்று தொடங்கும் தகடு, இந்தியா பட்டியலிட்ட பிரேக் அல்லது ஆக்ஸில் சாமான் என்பதோடு நிற்கும். நாட்டு இலக்கம் இல்லாமல் பதினொன்றே இலக்கம் இருந்தால் அது பழைய அமெரிக்க முறை. 1974-இல் பதிமூன்றுக்கு மாறியது, ஆகவே அந்தத் தகடு பெரும்பாலும் அதற்கு முந்தையது.

எல்வி6, எல்வி7 என்று தொடங்குவது பிரிட்டிஷ் கிடங்குப் பட்டியலின் வழி வந்தது. எல்வி6-க்குப் பின் எம்டி என்று வரும் எண்ணைப் பழைய விளக்கு, மின்சாமான்களில் பார்க்கலாம். இந்திய ராணுவம் எல்வி7-க்குப் பின்னால் வண்டியின் சுருக்கப்பெயரைச் சேர்த்து எழுதும்.

ஐந்து இலக்கம், கோடு, மறுபடி ஐந்து என்றால் நிஸான். ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த ஜோங்கா என்ற வண்டிக்கும் ஒரு டன் வண்டிக்கும் உரியது, வில்லிஸ் வகை ஜீப்புக்கு எந்த வழியிலும் சேராது. லூகாஸ் டைனமோ, ஸ்டார்ட்டரில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் தனியாக 4 58 போல் இருந்தால் அது மாதமும் ஆண்டும்: ஏப்ரல் 1958.

கிரவுன் பினியனைக் கையில் வைத்துப் படிப்போம்

ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுழற்றும் சிறியது பினியன். மலை வண்டிக்கு இதைவிட முக்கியமான எழுத்து வேறில்லை. போர்க்கால எம்.பி., ஜி.பி.டபிள்யூ. இரண்டிலும் ஆக்ஸில் விகிதம் 4.88. பொதுமக்களுக்காகச் செய்த சி.ஜே. வகை ஜீப்பில், மஹிந்திராவின் சி.ஜே.3பி உட்பட, 5.38 வரும். வெளியே பார்த்தால் ஹவுசிங் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், அதனால் காயலான் கடையில் இரண்டும் ஒரே குவியலில் கிடக்கும்.

டிஃபரென்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றின் கீழ் விரல் நகம் அளவு தகடு இருந்தால் அதில் பல் எண்ணிக்கை இருக்கும். தகடு போயிருந்தால் மூடியைக் கழற்றி கிரவுனின் விளிம்பைத் துடையுங்கள். 39, 8 என்று இருந்தால் 4.88. 43, 8 என்றால் 5.38. முன்னால் ஒன்றும் பின்னால் மற்றதும் மாட்டினால், இரண்டு சக்கர ஓட்டத்தில் ஒன்றுமே தெரியாது. மழையில் கல்லட்டி ஏற்றத்தில் முன் ஆக்ஸில் லிவரைப் போட்ட பிறகுதான் முன் சக்கரமும் பின் சக்கரமும் பத்து சதவீத வேகத்தில் ஒன்றையொன்று இழுக்கும். லிவர் சிக்கிக்கொள்ளும், யூனிவர்சல் ஜாயின்ட் வெட்டும், டிரான்ஸ்ஃபர் கேஸ் பல் உடையும்.

எண்ணை நம்பி நிற்காமல் சுற்றியும் பாருங்கள். சமதரையில் மட்டும். தரையில் நிற்கும் மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இந்த ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும், கட்டை இல்லாமல் கீழே போகவே கூடாது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால், ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 4.88. ஐந்தே காலைத் தாண்டினால் 5.38.

பினியனின் பல் பக்கத்து முகத்தில் இன்னும் இரண்டு குறி உண்டு. ஒன்று ஜோடி எண். அதே எண் கிரவுனிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் வேறு வேறு செட், ஓடினால் ஊளையிடும். மற்றது +2, −1 போன்ற சிறு குறி, ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்ற கணக்கு. பழைய பினியனில் +2, புதியதில் −2 இருந்தால் வித்தியாசம் நான்கு. உள் பேரிங் கப்புக்குப் (வெளி வளையம்) பின்னால் இருந்த ஷிம்மோடு (மெல்லிய இடைத்தகடு) 0.004 அங்குலம் கூட்ட வேண்டும். மாறாக −2 இருந்த இடத்தில் +2 வந்தால் அதே அளவு குறைக்க வேண்டும். இந்தக் குறியைப் பேரிங் எண் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஷிம் அப்படியே போகும், இரண்டு மழைக்காலத்துக்குள் பல் ஓரம் தின்னும்.

ஹப் பேரிங்கில் 18590 என்றால் கோன் (உருளைகளோடு கூடிய உள் வளையம்), 18520 என்றால் கப். டிம்கனின் இந்த எண்ணைச் சொன்னால் எந்த ஊர் பேரிங் கடையிலும் புதியது கிடைக்கும், வண்டியின் பெயரே தேவையில்லை.

போல்ட் தலை

தலையில் மூன்று கோடு இருந்தால் அமெரிக்க ஐந்தாம் தரம், ஆறு கோடு எட்டாம் தரம், ஒன்றுமில்லாதது சாதாரணம். 8.8, 10.9 என்பது மில்லிமீட்டர் போல்ட். ஒன்றையொன்று தொட்ட மூன்று சிறு வட்டம் கண்டால் பிரிட்டனில் செய்த, ஆனால் அமெரிக்க மரையோடு ஒத்துப்போகும் யூனிஃபைடு மரை வெட்டிய போல்ட், ஜீப்புக்குச் சேரும். குறியில்லாத பழைய பிரிட்டிஷ் போல்ட்தான் ஆபத்து. அரை அங்குலத்தில் விட்வொர்த் மரை அங்குலத்துக்கு 12, அமெரிக்கக் கரடு மரை 13. இரண்டு சுற்று ஏறிப் பிறகு சிக்கும், அங்கே ஸ்பானரால் முறுக்கினால் ஹவுசிங்கில் மரை போய்விடும். எட்டில் மூன்று அங்குலப் போல்ட்டில் இரண்டுமே 16 என்பதால் வழுவழுவென்று ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் விட்வொர்த்தில் 55 டிகிரி, அமெரிக்க மரையில் 60, பிடிப்பு சரியாக இருக்காது. பிரேக், ஸ்டியரிங் இடங்களில் மரை அளவி வைத்துப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள்.

பானட்டின் அடுக்குகள்

பானட் பக்கத்தில் பழைய பெயின்ட் பல அடுக்காக இருந்தால் அதற்குள் எண் புதைந்திருக்கும். 400 உப்புத்தாளை ஈரமாக வைத்து, சிறு கட்டையில் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மெதுவாகத் தேயுங்கள். ஒவ்வொரு நிறம் மாறும்போதும் படம் எடுங்கள். 20 என்று தொடங்கும் எண் அமெரிக்க ராணுவத்தின் கால் டன் வண்டி வரிசை. எம் என்று தொடங்கினால் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஜீப்பாக இருந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த தேய்ப்பு வேண்டாம், முகக்கவசம் கட்டுங்கள், தேய்த்த சேற்றைச் செடிக்கு ஊற்றாதீர்கள். பிரேக் லைனிங் எண்ணைப் படிக்கக் காற்றடித்துத் தூசி ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. போர்க்கால மீட்டரில் இருட்டில் ஒளிரப் பூசியது ரேடியமாக இருக்கலாம். ஒளி செத்திருந்தாலும் கதிர் சாகாது, கண்ணாடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே படியுங்கள்.

வண்டிச் சாமானே அல்லாத ஏதாவது, குண்டோ ஃப்யூஸோ மாதிரி, குவியலில் தெரிந்தால் துடைக்கவும் நகர்த்தவும் வேண்டாம். தள்ளி நின்று காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

சேஸ் எண் விஷயத்தில் மண்ணெண்ணெயும் பருத்தித் துணியும் தாண்டி எதையும் பயன்படுத்தாதீர்கள். மங்கிய எண்ணை ஆழப்படுத்துகிறேன் என்று மறுபடி பஞ்ச் அடித்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) பரிசோதனையில் அது திருத்திய எண்தான். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ, பற்றவைத்து நிரப்பிய மேடோ தெரிந்தால், ஆர்.சி. புத்தகத்தில் என்ன இருந்தாலும் அந்தச் சேஸை வாங்காதீர்கள்.

படித்த ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தகர வில்லை கட்டுங்கள். கண்ட எழுத்தை உள்ளபடியே, எப்படி விழுந்தது என்பதோடு ஆணியால் கீறி எழுதுங்கள்: "புடைப்பு, ஜி.பி.டபிள்யூ. 4-ல் தொடங்கும், கடைசி இரண்டு தெரியவில்லை." தெரியாத இலக்கத்துக்குக் கோடு போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். காகிதச் சீட்டு ஊட்டி மூடுபனியில் ஒரு மாதம்கூடத் தாங்காது.